கிணற்றுச் சுவரில் முளைத்த மேல்மண்டலம்

என் பேராசிரியர் வெளிநாட்டில் ஓர் எரிமலைத் தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததுதான் எனக்குப் பிடித்த சனி. அங்கே பெரணிச் செடிகள் அடிவாரத்தில் ஒரு வகை, நடுவில் ஒரு வகை, உச்சியில் ஒரு வகை என்று வரிசை கட்டி நிற்கின்றனவாம். ஜவ்வாது மலையிலும் அப்படித்தான் நின்றாக வேண்டும் என்று முடிவு செய்து, மூன்று கட்டம் போட்ட அட்டவணை ஒன்றை என்னிடம் நீட்டினார். கட்டங்களை நிரப்புவது மட்டும் என் வேலை. எழுபதுகளின் கடைசியில் முனைவர் பட்டம் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நானும் நம்பினேன்.

மூன்று வருடம் மலையேறினேன். பேராசிரியர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. அவருக்கு முழங்கால் வலி. எனக்கு வழிகாட்டியவர் மலைமேல் சாமை விதைக்கும் ஒரு விவசாயி, என் வயதுக்காரர். கருப்புக் காம்பும் கொத்தமல்லி போன்ற இலையும் கொண்ட ஒரு பெரணியை உச்சி ஓடையோரம் அவர்தான் காட்டினார். செய்தித்தாளில் வைத்து அழுத்திக் கொண்டுவந்து கொடுத்ததும் பேராசிரியர் துள்ளிக் குதித்தார். முழங்கால் அப்போது வலிக்கவில்லை. ‘மேல்மண்டலத்துக்கு மட்டுமே உரியது’ என்று தன் கையாலேயே எழுதினார். என் ஆய்வேடு முழுவதும் அந்தச் செடியை நம்பித்தான் நின்றது.

ஆய்வேட்டைக் கொடுத்து முடித்த பிறகு ஒருநாள், சந்தைக்கு இறங்கிய விவசாயி அடிவாரத்தில் இருந்த என் அறைக்கு வந்தார்.

“இன்னா சார், உங்க ஒசரத்துச் செடி கீழ கெணத்துல கீதே!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். பாசனக் கிணற்றின் ஈரச் சுவர் முழுக்க அதுவே. அதற்கு வேண்டியது உயரமல்ல, நிழலும் நீர்க்கசிவும்.

பேராசிரியர் அசரவில்லை. “கிணறு மலையில சேர்த்தி இல்லைப்பா. ஆனா தேர்வாளர் நேர்ல வந்து பார்க்கணும்ங்கிறார். அவர் கண்ணுல படாமப் பார்த்துக்கோ.”

பட்டால் பட்டம் போச்சு. பட்டம் போனால் எனக்கென்று பேசிவைத்திருந்த கல்லூரி வேலையும் போச்சு. மறுநாள் இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் இறங்கி, ஒரு செடி விடாமல் பிடுங்கினேன். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அந்த விவசாயிதான். பட்டம் கிடைத்தால்தான் எனக்கு வேலை என்பது அவருக்கும் தெரியும்.

தேர்வாளர் வந்தார். கிணற்றுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பலாப்பழம் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்பதிலேயே குறியாக இருந்தார். பேராசிரியர், விவசாயி உட்பட நால்வரும் உச்சி ஓடைவரை ஜீப்பிலேயே போனோம். அங்கே சும்மா பேச்சுக்கு விவசாயியைக் கேட்டார்: “ஏம்ப்பா, இந்தச் செடி கீழேயும் வளருமா?”

விவசாயி என்னை ஒருமுறை பார்த்தார்.

“இல்லீங்க சார். இதுக்கு மேலத்துக் குளிரு வோணும். கீழ வெச்சா செத்துப்பூடும்.”

“பார்த்தீரா, படிக்காதவனுக்கே தெரிஞ்சிருக்கு!” என்று தேர்வாளர் பேராசிரியரின் தோளைத் தட்டினார். அதோடு தேர்வு முடிந்தது. பலாப்பழங்களை ஏற்றிக்கொண்டு ஜீப் இருவரோடும் இறங்கியது.

நானும் விவசாயியும் ஓடையோரம் நின்றோம். எந்தச் செடி எங்கே வளரும் என்று எங்கள் நால்வரில் உண்மையாகவே அறிந்த ஒரே மனிதரைப் பொய் பேச வைத்துவிட்டேன். வெட்கத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவருக்கோ வேறு கவலை.

“நான் கரெக்டா சொன்னேனா சார்? உங்களுக்கு வேலை கெடச்சிடும்ல?”