மீட்டர் யேசுரத்தினம் எழுதிய மதிப்புரை

ஊரே அழுது கேட்கும் ஒரு பாட்டில் ஒரு மனிதனுக்கு மட்டும் அழுகை வரவில்லை என்றால், குறை பாட்டிலா, அந்த மனிதனிலா? கொட்டாரம் ஊரை அடுத்த ஒரு கிறிஸ்தவச் சபையில் 2009-ஆம் ஆண்டு இந்தக் கேள்வி யேசுரத்தினத்தைச் சுற்றி எழுந்து நின்றது.

அப்போது அவருக்கு ஐம்பது வயது. வீடுவீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுவது வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் பாடகர் குழுவை நடத்துவார். இருபத்து மூன்று வருடமாக அவர்தான் தலைவர். எந்தப் புதுப் பாட்டானாலும் நான்கு குரல்களுக்கும் தனித்தனியே சோல்பா என்ற சுர எழுத்தில் தாளில் எழுதிக் கொடுப்பார். அதைப் பார்த்துத்தான் பாட வேண்டும். இவை போக, சபைகளுக்கான ஒரு மாத இதழின் கடைசிப் பக்கத்தில், புதிதாக வரும் பாடல் சிடிகளுக்கு மதிப்புரை எழுதிவந்தார். 'குறை சொல்ல இல்லை' என்று அவர் எழுதிவிட்டால், பாடியவர் வீட்டில் அன்று கோழி அடிப்பார்கள் என்பது ஊரில் ஒரு கேலி.

செல்வதாஸ் அவரோடு ஒரே வரிசையில் நின்று, ஆண்களின் அடிக்குரலான பேஸ் பாடியவர். பதினோரு வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு, மனைவி நோயில் விழுந்தபோது ஊருக்கு வந்தார். அவள் அடக்கம் முடிந்து ஒரு வருடம் கழித்து 'பாலைவனப் பந்தல்' என்ற சிடியை வெளியிட்டார். எட்டுப் பாடல்கள். கீபோர்டு, தபேலா, செல்வதாஸின் விம்மும் குரல். ஈஸ்டருக்குள் அது மாவட்டத்தையே பிடித்துக்கொண்டது. கல்யாண மண்டபத்தில் அதுதான், சாவு விழுந்த துஷ்டி வீட்டிலும் அதுதான். மினி பஸ்ஸில் ஓடியது, செல்போன் மணியாக ஒலித்தது. இறையியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் மூன்று பக்கம் எழுதி, 'எளிய மக்களின் கண்ணீருக்குக் கிடைத்த குரல்' என்றார்.

யேசுரத்தினம் ஜூன் இதழில் அரைப் பக்கம் எழுதினார். அதில் ஊர் மனப்பாடம் செய்துகொண்டது மூன்று வாக்கியங்களை மட்டும். 'எட்டுப் பாடல்களிலும் கேட்பவருக்கு முன்பே பாடகர் அழுதுவிடுகிறார். ஆகவே கேட்பவருக்கு வேலை இல்லை. உண்மைத் துயரத்தைப் பாடத் தெரிந்தவர் இவர் என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.'

மனைவியைப் பறிகொடுத்தவனின் அழுகையைப் பொய் என்று எழுதிவிட்டான் என்று ஊர் அதைப் படித்தது. இதழுக்குக் கடிதங்கள் குவிந்தன. மற்றவர்களானால் வீட்டில் அடங்கி இருந்துவிடலாம். மீட்டர் பார்க்கிறவர் அந்த வீடுகளுக்கேதான் போயாக வேண்டும். சிலர் அவர் தலை தெரிந்ததும் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்கள். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி கேட்டைத் திறந்துவிட்டு, "காதுதான் இல்லையின்னு நெனச்சேன், கண்ணாவது இருக்கா? நம்பரப் பாத்து எழுதும் ஓய்" என்றாள். அவர் எண்ணை எழுதி, அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

இசக்கி சண்டை போடவில்லை. தோவாளையிலிருந்து பூ எடுத்துவந்து வீட்டில் வைத்துக் கட்டி விற்பவள். அவளுடைய சின்ன ரேடியோப் பெட்டியிலும் செல்வதாஸ்தான் பாடிக்கொண்டிருந்தார். இந்தப் பாட்டு உங்களுக்கும் பிடிக்குமா என்று அவரே கேட்டார்.

"அதுல சொல்லுக சாமி ஆருன்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. அந்த ஆளு பாடும்ப கை தன்னால பூ கெட்டுது."

 அன்று அடுத்த நாலு வீட்டு வாசலிலும் அவர் அந்தப் பேச்சின் யோசனையாகவே நின்றிருக்கிறார்.

அவர் வீட்டிலும் அந்த சிடி இருந்தது. மனைவி சத்தியபாய் குழுவில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடுபவள். அவர் வேலைக்குப் போனதும் போட்டுக் கேட்பாள். வண்டிச் சத்தம் வந்ததும் நிறுத்துவாள். ஒருநாள் மத்தியானம் திரும்பியவர், தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டு, அவள் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு முடியும்வரை வெயிலில் நின்றார். பிறகுதான் வண்டியை உதைத்தார்.

ஆகஸ்டில் குழுவினர், நவம்பரில் வரும் சபைப் பிரதிஷ்டை நாளுக்கு அந்த சிடியின் முதல் பாட்டையே பாடலாம் என்று கேட்டார்கள். பாடிக் காட்டுங்கள் என்றார். தாள் இல்லாமல், சிடியைக் கேட்டே படித்திருந்தார்கள். அதனால் செல்வதாஸ் எங்கே விம்மினாரோ அங்கே இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் விம்மினார்கள்.

"ஒருத்தன் விம்முனா துக்கம் மக்கா," என்றார் யேசுரத்தினம். "இருபத்திரெண்டு பேரு ஒண்ணா விம்முனா அது டிரில்லு."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் எழுந்து போனார்கள். செய்தி சபைச் செயலர் நேசையனிடம் போயிற்று. கமிட்டி கூடி முடிவெடுத்தது: அடுத்த இதழில் வருத்தம் தெரிவித்து எழுத வேண்டும், இல்லையென்றால் குழுவை விட்டு விலக வேண்டும். வேறு எதையும் இழப்பதைப் பற்றி யேசுரத்தினம் கவலைப்பட்டதில்லை. அந்தக் குழு அவருக்கு இருபத்து மூன்று வருடம். வருத்தக் கடிதம் எழுத நான்கு முறை உட்கார்ந்தார் என்றும், தேதிக்கு மேல் பேனா நகரவில்லை என்றும் சத்தியபாய் பின்னாளில் சொன்னாள்.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது செல்வதாஸ் வீட்டுக்கு வந்தார். சத்தியபாய் கொடுத்த பால் விடாத கட்டன்சாயாவைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"எட்டுல ஒண்ணுகூடவா தேறல்ல அண்ணே?"

"ஆறாவது பாட்டு. ரெண்டாஞ் சரணத்துல நீ அழ மறந்துட்டே. அது நல்லா இருந்து."

செல்வதாஸ் தலையை ஆட்டினார். "மறக்கல்ல. அன்னைக்கு தொண்ட கெட்டியிருந்து. விம்மல் வரல்ல. சிடிய மறுபடி எடுக்க ஸ்டூடியோக்காரன் சம்மதிக்கல்ல."

"நல்ல தொண்ட."

செல்வதாஸ் சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. "அவள எடுத்த அன்னைக்கு கல்லறையில நான் பாடுனது உமக்கு ஓர்மை உண்டா?"

"உண்டு. அதக் கேட்டதுனாலதான் எழுதுனேன்."

செல்வதாஸ் அங்கிருந்து நேராக நேசையன் வீட்டுக்குப் போனார். எழுதியது தன்னைப் பற்றி, தனக்கில்லாத வருத்தம் கமிட்டிக்கு எதற்கு என்று கேட்டார். பிரதிஷ்டைக்குத் தன் பாட்டைப் பாடுவதானால் ஆறாவதைப் பாடட்டும், யேசுரத்தினம் அண்ணன் படிப்பித்துக் கொடுத்தால் மட்டும் பாடட்டும் என்றும் சொன்னார். கமிட்டிக்கு வேறு வழியில்லை. நிபந்தனை விலகியது. மதிப்புரை அச்சில் வந்தபடியே நின்றது.

யேசுரத்தினம் ஆறாவது பாட்டை நான்கு குரலுக்கும் எழுதினார். மெட்டில் ஒரு சுரத்தைக்கூட மாற்றவில்லை. ஏழு வாரம் பயிற்சி நடந்தது. ஒவ்வொரு குரலையும் தனியே உட்காரவைத்து, அவசரமில்லாமல், யாரையும் கடியாமல் சொல்லிக்கொடுத்தார். கடைசிப் பயிற்சியன்று பாடி முடித்ததும் அவர்  தாள்களைத் தட்டி அடுக்கினார்.

பிரதிஷ்டை நாள் காலையில் குழு வெள்ளை உடையில் வாசலில் வரிசையாக நின்றது. செல்வதாஸும் பழைய இடத்தில், பேஸ் வரிசையில் நின்றார். யேசுரத்தினத்தின் இடத்தைப் பக்கத்தில் விட்டிருந்தார்கள். முதல் மணி அடித்ததும் அவர் தாள்களைச் சத்தியபாயின் கையில் கொடுத்து, "நீ நடத்து" என்றார். உடம்புக்குச் சரியில்லையா என்று அவள் கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பாட்டை மற்றவர்களைப் போலக் கேட்டார்.

2016-இல் இறக்கும்வரை அவர் உட்கார்ந்தது அந்த பெஞ்சில்தான். குழுவுக்குத் திரும்பவில்லை, இன்னொரு மதிப்புரையும் எழுதவில்லை. ஏன் என்று சத்தியபாய் கேட்டாள், செல்வதாஸ் கேட்டார், நேசையன்கூட ஒருமுறை வீடு தேடி வந்து கேட்டார். "கேக்குறவனுக்கும் வேல உண்டு" என்பதற்கு மேல் அவர் யாரிடமும் சொல்லவில்லை.