திருத்தத் திருத்த மறைந்த பாடங்கள்

2008-ஆம் வருடம். சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்த சிறிய கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே காலண்டர் அச்சாகும். மேலே நாங்கள் வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களை எக்ஸ்.எம்.எல். என்ற வகைக் கணினிக் கோப்புகளாக மாற்றிக் கொடுப்போம். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது.

மாப்பிள்ளை வீடு சாத்தூர். கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போக அவர்கள் உடனே சம்மதித்துவிட்டார்கள். இழுத்தடித்தவர் எங்கள் முதலாளி அண்ணாச்சிதான். "கல்யாணம் பேசி முடிச்சிட்டாலே பிள்ளைகளுக்கு வேலையில கவனம் நிக்காதும்மா. இந்தப் புஸ்தகத்த ஒழுங்கா முடிச்சுக் குடு, பெறகு பாப்போம்" என்றுவிட்டார். எனக்கோ அந்த வேலை என்றால் உயிர்.

புத்தகத்தின் ஒவ்வொரு பாடமும் ஒரு தனிக் கோப்பு. அவை எல்லாவற்றையும் இணைத்து வைத்திருப்பது ஒரு தாய்க்கோப்பு. அதைத் திறந்தால் முழுப் புத்தகமும் தெரியும். காலையில் வந்ததும் அதைத் திறந்து வைத்துவிடுவேன். பிறகு ஒரு பாடத்தைத் தனியாகத் திறந்து, திருத்தி, சேமித்து, மூடுவேன். அடுத்தது எந்தப் பாடம் என்று தாய்க்கோப்பில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாப்பிடவோ டீ குடிக்கவோ எழுந்து போவேன்.

திடீரென்று, செய்த திருத்தங்கள் காணாமல் போக ஆரம்பித்தன. நேற்றுச் சரிசெய்த பாடம் இன்று பழையபடி பிழைகளோடு வந்து நிற்கும். வைரஸ் என்றார்கள், சுத்தம் செய்தோம். சிஸ்டத்தையே மாற்றிப் பார்த்தோம். பக்கத்து சீட்டில் பிழை பார்க்கும் அக்கா, கண் பட்டிருக்கும் என்று மானிட்டருக்குத் திருநீறு பூசிவிட்டு, இருக்கன்குடி மாரியம்மனுக்கும் நேர்ந்துகொண்டார். எதற்கும் அசையவில்லை.

"ஸ்கிரீன்ல எழுத்து தெரியுதா, மாப்பிள்ள மொகம் தெரியுதா?" என்று அண்ணாச்சி ஒருநாள் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமில் போய் அழுதேன்.

மறுநாள் வீம்புக்கு நாற்காலியை விட்டு எழவே இல்லை. சாப்பாட்டையும் அங்கேயே முடித்தேன். ஆச்சரியம், ஒரு திருத்தம்கூட அழியவில்லை. சாயங்காலம் கை கால் மரத்துப்போய், தண்ணீர் குடிக்க எழுந்தேன். அந்த நேரம் பார்த்து மின்விசிறி தடுமாறியது. திரும்பிப் பார்த்தால், அக்கா எட்டி என் விசைப்பலகையில் எதையோ அமுக்கிக்கொண்டிருக்கிறார்.

"என்னக்கா பண்றீக?"

"கரண்டு போற மாதிரி இருக்குல்லா. நீ பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருத. தெனமும் நாந்தான் சேவ் பண்ணி வைக்கேன்!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மின்வெட்டு எப்போது வரும் என்று தெரியாத காலம் அது. எங்கள் யு.பி.எஸ். பேட்டரியை நம்ப முடியாது. அதனால் ஒருவர் எழுந்து போனால் பக்கத்தில் இருப்பவர் அவருடைய வேலையைச் சேமித்து வைப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். ஆனால் நான் எழும்போது திரையில் இருப்பது தாய்க்கோப்பு. காலையில் திறந்ததால் அதில் தெரிவது திருத்தாத பழைய பாடங்கள். தாய்க்கோப்பைச் சேமித்தால் அந்த மென்பொருள் அதில் தெரியும் பாடங்களையும் சேர்த்தே சேமித்துவிடும். அக்கா ஒவ்வொரு முறை அமுக்கியபோதும் என் புதிய பாடத்தின் மேல் பழைய பாடம் போய் உட்கார்ந்திருக்கிறது.

அக்காவிடம் மெதுவாக விளக்கினேன். அண்ணாச்சிக்குத் தெரிய வேண்டாம், நானே சமாளித்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். சொன்னால் என் மேல் இருக்கும் பழி நீங்கும், அக்கா பேர் கெடும். எனக்கு மனசு வரவில்லை. அக்கா கேட்டால்தானே? கலங்கிய கண்ணோடு விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளைய இனிமே ஒண்ணும் சொல்லாதீக. அம்புட்டையும் அழிச்சது நாந்தான். ஏசணும்னா என்னைய ஏசுங்க" என்று அவர் சொன்னது மாடி வரை கேட்டது.

அண்ணாச்சி மேலே வந்தார். ஒரு பாடத்தைத் திருத்தி, தாய்க்கோப்பைச் சேமித்து, அது பழையபடி ஆவதைக் காட்டினேன். அக்காவையும் என் விசைப்பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நானும்ல அமுக்கிட்டுப் போயிருக்கேன்!"

ஆபீசே வெடித்துச் சிரித்தது. அக்கா அழுதுகொண்டே சிரித்தார். அதன்பின் எழும்போதெல்லாம் தாய்க்கோப்பை மூடிவிட்டு எழுந்தேன். புத்தகம் கல்யாணத்துக்கு முன்பே முடிந்தது. கல்யாண மண்டபத்தில் அண்ணாச்சி என் மாமியாரைத் தேடிப்போய், "மறுவீடு முடிஞ்சதும் பிள்ளைய வேலைக்கு அனுப்பி வைங்க. அது கவனமாத்தான் இருந்துச்சு, நாங்கதான் பாசத்துல அழிச்சுப்புட்டோம்" என்றார். மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் தலையாட்டினார்.

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில், ஒரு கோப்பு காணாமல் போனால் யார் செய்த தப்பு என்றுதான் எல்லோரும் தேடுகிறார்கள். எனக்கு மட்டும், யாரோ நமக்கு நல்லது செய்யப் பார்த்திருப்பார்களோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.