அப்பா வெளியே நின்ற ஞாயிற்றுக்கிழமைகள்

இந்த நினைவு மலரின் முகப்பில் அப்பாவின் படத்துக்குக் கீழே “கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்” என்று அச்சிட்டிருக்கிறோம். அச்சகத்தில் மாதிரித் தாளைக் காட்டியபோது அம்மா அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் இரண்டு முறை கேட்டார்.

“அப்படியே போட்டுடலாமா? போடலாந்தானே?”

போடலாம் என்றேன். அம்மா ஏன் கேட்டார் என்பதை உறவினரும் சபையாரும் அறிந்திருப்பது நல்லது. அம்மா, தம்பி இருவரின் சம்மதத்தோடுதான் இதை வெளியிடுகிறேன்.

அப்பா பெண்ணாடத்தை அடுத்த ஒரு கிராமத்தில், ஆலைக்குக் கரும்பு அனுப்பும் குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் விருத்தாசலம் வந்து, பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சூளையில் வேலைக்குச் சேர்ந்தார். மின்கம்பத்தில் பொருத்தும் பீங்கான் கட்டைகளைச் சூளைக்குள் அடுக்குவதும், சுட்டு ஆறியபின் வெளியே எடுத்துத் தட்டிப் பார்ப்பதும் அவர் வேலை. சிறிய இரும்புக் கம்பியால் தட்டுவார். கணீரென்று கேட்டால் நல்ல சரக்கு. சத்தம் மங்கினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல். அது பின்புறக் குவியலுக்குப் போய்விடும். சூடு ஆறுவதற்குள் சூளையைத் திறந்தால் விரிசல் விழும் என்பதால், அவசரப்படுத்தும் முதலாளியிடமும் அப்பா சாவியைக் கொடுத்ததில்லை. அந்த வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தார். தூசி நுரையீரலில் படிந்தது அப்போதுதான்.

முப்பத்திரண்டாம் வயதில், குடியை விட முடியாமல் வீடு குலைந்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் சபைக்கு வந்தார். மணிமுத்தாற்றில் தண்ணீர் ஓடிய ஒரு கார்த்திகையில் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பின் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. பெரியப்பாக்கள் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். பாட்டி இறந்தபோது சடங்கில் அவரைச் சேர்க்கவில்லை. சுடுகாட்டு வேலிக்கு வெளியே நின்றுவிட்டு வந்தார். அதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

இரட்சிப்பைப் பெறுவது எளிது, காத்துக்கொள்வது கடினம் என்பது எங்கள் சபையில் அடிக்கடி கேட்ட போதனை. ஒருமுறை ருசி பார்த்தபின் விலகிப் போகிறவனுக்குத் திரும்பி வர வழி கிடையாது என்று போதகர் சொல்லும்போது, முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருக்கும் அப்பா தலையை அசைப்பார்.

தம்பி இருபத்திரண்டு வயதில் மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் மூலம் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனான். ஐந்தாம் மாதம் அவனிடமிருந்து போன் நின்றது. அந்த எண் அணைந்தே கிடந்தது. வாரங்கள் மாதங்களாயின. அப்பா உபவாசம் இருந்தார். சபை முழுதும் ஆள் மாற்றி ஆள் சங்கிலி ஜெபம் செய்தது. போன் நின்ற நான்காம் மாதம் தம்பியின் குரல் வந்தது. வேலை கொடுத்தவர் பாஸ்போர்ட்டையும் போனையும் பிடுங்கிக்கொண்டு அவனைப் பாலைவனத்தில் ஒரு கிடங்கில் வைத்திருந்தார். அங்கே வேலை செய்த மங்கலம்பேட்டை பாய் ஒருவர் தேடிக் கண்டுபிடித்து விமானம் ஏற்றிவிட்டார்.

தம்பி வீடு வந்த ஞாயிறன்று போதகர் அப்பாவைச் சாட்சி சொல்ல எழுப்பினார். வழக்கமாகக் கால் மணி நேரம் பேசுகிறவர், “கர்த்தர் செஞ்சாரு” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஆனந்தத்தில் வார்த்தை வரவில்லை என்று நினைத்தோம்.

அடுத்த மாதத்திலிருந்து, திருவிருந்து நடக்கும் முதல் ஞாயிறுகளில், அப்பமும் கோப்பையும் கொடுக்கப்படும் நேரத்தில் அப்பா எழுந்து வெளியே போவார். வாசலில் செருப்புகளை ஜோடி சேர்த்து வைப்பார். வண்டிகளை வரிசையில் நிறுத்துவார். “ஐயாவுக்கு இன்னா தாழ்மை பாருங்க” என்று சபையார் சொன்னார்கள். நாங்களும் அப்படியே நம்பினோம். பன்னிரண்டு வருடம்.

அந்த வருடங்களில் ஒருநாள் காலை, அப்பாவோடு சூளையில் வேலை செய்த ரத்தினம் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். மாமா சபைக்காரர் அல்ல. நான் டீ கொண்டுபோனபோது மாமா பேசிக்கொண்டிருந்தார்.

“ஏன் மாப்ள, சுட்டு எடுத்தது மறுபடி மண்ணாவுமா? எவ்ளோ தண்ணி ஊத்துனாலும் ஆவாது. ஒங்க ஆளு ஒன்ன ஒருவாட்டி சுட்டு எடுத்துட்டாருல்ல? அப்புறம் இன்னா பயம்?”

அப்பா டம்ளரின் விளிம்பை நகத்தால் தட்டினார்.

“மண்ணாவாது மச்சான். ஒடையும். ஒடஞ்சா அது மண்ணும் இல்ல, சாமானும் இல்ல. பேட்டைக்குப் பின்னாடி மலையாட்டம் கெடக்குதே, அத வச்சி யாராச்சும் எதனா பண்ண முடியுதா?”

“காலங்காத்தால நல்ல பேச்சுய்யா இது” என்று மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தொழிலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்து நான் உள்ளே வந்துவிட்டேன்.

கடைசி இரண்டு மாதம் அப்பா ஆக்சிஜன் குழாயோடு வீட்டில்தான் இருந்தார். அப்போதுதான் சொன்னார்.

“பாப்பா, தம்பி காணாம போன சமயத்துல நான் பிராது கட்டுனேன்.”

மணவாளநல்லூர் முருகன் கோயிலில் குறையைத் தாளில் எழுதி, பெயரும் ஊரும் போட்டு, வேலில் கட்டிவிட்டு வருவது இந்தப் பக்கத்து வழக்கம். குறை மூன்று மாதத்துக்குள் தீரும் என்பார்கள். தீர்ந்ததும் மறுபடி போய், கட்டிய நாளைச் சொல்லிப் பிராதை ராஜினாமா செய்து திரும்பப் பெற வேண்டும். இரண்டு மாதம் ஜெபித்தும் பதில் வராத ஒரு காலையில் அப்பா சைக்கிளில் அங்கே போயிருக்கிறார். யோசனை சொன்னவர் ரத்தினம் மாமா. “ஒங்க ஆண்டவருக்கு டைம் குடுத்துப் பாத்தாச்சி. எங்க ஆளுகிட்டயும் ஒரு மனு குடுத்து வையி. அவரு கோச்சிக்க மாட்டாரு” என்றாராம்.

தம்பி வந்தபின் அப்பா ராஜினாமா செய்யப் போகவில்லை. போனால் கர்த்தரை இரண்டாம் முறை மறுதலித்ததாகும் என்று பயந்தார். சபையில் அறிக்கை செய்யவும் இல்லை.

“ரெண்டு எடத்துலயும் என் பேரு தொங்குது பாப்பா” என்றார்.

அவர் கேட்டுக்கொண்டபடி போதகரை வரவழைத்தேன். திருவிருந்துத் தட்டோடு வந்தார். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“குடுத்த ரட்சிப்பு போவுமா ஐயா?”

“போவாதுங்க. நாம உட்டாலும் அவரு உட மாட்டாரு.”

“இத்தினி வருஷமா போவும்னுதானே சொல்லிக்கிட்டு இருந்தீங்க.”

போதகர் தட்டைப் பார்த்தார். “ஜனங்க பயந்து நடக்கணுமேன்னு…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“அப்ப எதுதான் நெசம்?”

போதகர் முழங்காலிட்டார். ஜெபம் நீளமாக இருந்தது. அதில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பிறகு அப்பா கையை நீட்டினார். பன்னிரண்டு வருடத்துக்குப் பின் அப்பத்தை வாங்கி வாயில் வைத்தார். சின்னக் கண்ணாடிக் கோப்பையைக் கையில் எடுத்து, குடிப்பதற்கு முன் நகத்தால் ஒருமுறை தட்டிக் காதருகே பிடித்தார். என்ன கேட்டது என்று அவர் சொல்லவில்லை. ஆறாத சூளையை யாரோ திறக்கும்போது நிற்கிறவரின் முகம் அது. பிறகு குடித்தார். மூன்றாம் நாள் காலை அவர் மூச்சு நின்றது.

அடக்கத்தன்று ரத்தினம் மாமா என்னைத் தனியே அழைத்து, “கட்டுன தேதி தெரிஞ்சா சொல்லும்மா. நானே போயி ராஜினாமா பண்ணிட்டு வரேன். அவன் பேரு அங்க கெடக்க வேணாம்” என்றார். தேதி எங்கள் யாருக்கும் தெரியாது. அப்பாவின் பிராது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அப்பாவின் நோயில் துணை நின்ற சபையாருக்கும், சிலிண்டர் ஏற்றிவந்த பக்கத்து வீட்டாருக்கும், தம்பியைத் தேடிக்கொடுத்த மங்கலம்பேட்டை பாய்க்கும், ரத்தினம் மாமாவுக்கும் நன்றி. வருடங்கள் கழித்து அடக்கத்துக்கு வந்து, கல்லறைத் தோட்ட வேலிக்கு உள்ளே வந்து மண் போட்ட பெரியப்பாக்களுக்கு நன்றி. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, “ஒரு வரியும் எடுக்க வேணாம்மா” என்று சொன்ன போதகருக்கும் நன்றி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைத் தம்பியிடம் காட்ட வேண்டியிருந்தது. தன்னை மீட்க அப்பா எதைக் கொடுத்தார் என்பது அதுவரை அவனுக்குத் தெரியாது. படித்தான். “போடுக்கா” என்று தாளை மடித்துக் கொடுத்தான்.

போன மாதத் திருவிருந்து ஞாயிறன்று, தட்டு எங்கள் வரிசைக்கு வரும் முன் தம்பி எழுந்து வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குனிந்து செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தான்.

அப்பாவுக்காக அழுதவர்கள் அவனுக்காக ஜெபியுங்கள்.