புருவம் வைத்த குருவி

குருவிக்குப் புருவம் உண்டு என்று என் பெரியம்மா மகள் சொன்னபோது எனக்குப் பத்து வயது. அவளுக்கும் பத்துதான். சில மாதம் முந்திப் பிறந்துவிட்ட ஒரே காரணத்துக்காக அவளை நான் அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

அவர்கள் ஊர்க்கோடியில், சந்தாபுராவில் இருந்தார்கள், நாங்கள் நகரத்துக்குள்ளே ஜோகுபாளையத்தில். சனிக்கிழமை சாயங்காலம் பெரியம்மா அவளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விடுவாள். அவள் வந்துவிட்டால் ஜன்னலோரம் படுக்கும் இடம் அவளுக்கு, ஆம்லெட்டில் பெரிய பாதி அவளுக்கு. படிக்கிற பிள்ளையாம். நான் மட்டும் என்ன, பள்ளிக்கூடத்துக்கு மாடு மேய்க்கவா போனேன்? இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மாமாவை மட்டும் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

மாமா, அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். ஒரு அபார்ட்மென்டில் எலக்ட்ரீஷியன். அங்கே வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவர், தன் பழைய பைனாகுலரை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாமா அதைக் கண்ணில் வைத்து, நடுவில் இருந்த சின்னச் சக்கரத்தைத் திருகித் திருகி, தனக்குத் தெளிவாகத் தெரிந்ததும் அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டார்.

"இதான் செட்டிங். யாராச்சும் சக்கரத்துல கை வெச்சீங்க, விரல ஒடிச்சிருவேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இருவரையும் அல்சூர் ஏரிக்குக் கூட்டிப்போவார். குருவிகளின் பெயர் மாமாவுக்கும் தெரியாது. அக்காவின் பள்ளிக்கூடத்தில் படம் போட்ட அட்டை மாட்டியிருந்ததால் அவளுக்குத் தெரியும். அவள் சொல்லிச் சொல்லி எனக்கும் சிலது பழகியிருந்தது. ஒரு வாரம் மாமா ஏதோ உற்சாகத்தில், "இன்னிக்கு யாரு கரெக்டா பாத்துச் சொல்றீங்களோ, இது அவங்களுக்கே. வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம்" என்று சொல்லிவிட்டார். பைனாகுலர் சந்தாபுராவுக்குப் போனால் மாமாவின் ஞாயிற்றுக்கிழமையும் அதன் பின்னாலேயே பஸ் ஏறிவிடும் என்று கணக்குப் போட்டேன். நான் அப்போதே அப்படித்தான். நடக்காததற்கெல்லாம் முன்கூட்டியே அழுது வைத்துவிடுவேன்.

முதலில் சமாளித்தேன். பளிச்சென்று ஒரு நீலம் பறந்தது. மீன்கொத்தி என்று கத்தினேன், சரியாக இருந்தது. தண்ணீரில் மிதந்த ஏதோ ஒன்று திடீரென்று காணாமல்போய் வேறிடத்தில் வந்தது. முக்குளிப்பான் என்று நாங்கள் இருவரும் ஒன்றாகச் சொன்னோம். அப்புறம்தான், கரையோரக் கல்லில் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று வந்து உட்கார்ந்தது.

"கரிச்சான்" என்றேன்.

அக்கா நிதானமாகப் பைனாகுலரை வாங்கிப் பார்த்தாள். "இல்ல மாமா. வாலாட்டி. வெள்ளப் புருவ வாலாட்டி. கண்ணுக்கு மேல கோடு தெரியுது பாருங்க."

"குருவிக்கு எங்கிருந்து புருவம் வந்துச்சு? பார்லருக்குப் போய் வந்துச்சாமா?" என்றேன்.

மாமா சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தார். "ஏய், ஆமாண்டி! இருக்குது!"

என் கைக்கு வந்தது. பார்த்தேன். தண்ணீர் பட்ட கோலம் மாதிரி ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. புருவமாவது மண்ணாவது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றுகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த நேரத்தில் ஏரி வாட்ச்மேன் கன்னடத்தில் சத்தம்போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பக்கம் ராணுவ இடம், இங்கே நின்று என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். "பக்ஷி சார், பக்ஷி" என்று மாமா சமாதானம் சொல்லியும் அவர் அடங்கவில்லை. மாமா பைனாகுலரை என் மடியில் போட்டு, "ஒளிச்சு வெச்சுக்க" என்றார். பிறகு அக்காவின் தோளில் கை போட்டு, "நீ வாம்மா. ஸ்கூல் ப்ராஜெக்ட்னு சொல்லு. உன்னப் பாத்தா நம்புவாரு" என்று கூட்டிக்கொண்டு போனார்.

உன்னைப் பார்த்தால் நம்புவார். அப்படியானால் என்னைப் பார்த்தால்?

பட்டாளத்துக்காரர்கள் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயமாக இருந்தது. ஆனாலும் ஆத்திரம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. நகத்தால் டேப்பைச் சுரண்டி எடுத்தேன். பைனாகுலரைக் கண்ணில் வைத்துச் சக்கரத்தைத் திருகினேன். கறையாக இருந்தது கல் ஆனது. கல்லில் பாசி வந்தது. பாசிமேல் ஒரு குருவி நின்றது. மெல்லிய கால், ஓயாமல் ஆடும் வால், கறுப்புத் தலை. கண்ணுக்கு மேலே, மை டப்பாவில் வெள்ளை மை விற்றால் அதைக் கொண்டு யாரோ தீட்டியது போல, ஒரு புருவம்.

வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக எதையுமே நான் பார்த்ததில்லை. உடனே தோன்றியது என்ன தெரியுமா? இத்தனை நாளும் இதையெல்லாம் அவளே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்றுதான்.

"மாமா! பாத்துட்டேன்! வெள்ளப் புருவம்! காலுகூடத் தெரியுது!"

வாட்ச்மேனை அனுப்பிவிட்டுத் திரும்பிய மாமா, பைனாகுலரைக் கண்ணில் வைத்ததும் முகம் சுளித்தார். "என்னடி பண்ணித் தொலச்ச? ஒண்ணுமே தெரியல!"

அக்கா வாங்கிப் பார்த்தாள். "ஒரே மங்கல் மாமா. கெடுத்துட்டா."

"இல்ல மாமா, நல்லாத் தெரியுது, நான் பாத்தேன்!"

"இந்த மங்கல்ல நீ புருவத்தப் பாத்தியா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாம்?" என்றார் மாமா.

தொட்டது ஒரு தப்பு, பொய் இன்னொரு தப்பு. மாமா சக்கரத்தைப் பழையபடி திருகினார். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து இன்னும் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி, அக்காவின் கழுத்தில் மாட்டினார். எனக்கு ஒரு தடவை காட்டச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் கொடுத்தாள். பழைய கறைதான் தெரிந்தது. புருவத்தை அழித்துவிட்டார்கள்.

எட்டாவதோடு எனக்குப் பள்ளிக்கூடம் நின்றது. போர்டில் எழுதியதை என்னால் ஒழுங்காகப் பார்த்து எழுத முடியவில்லை. படிப்பு ஏறவில்லை என்றார்கள். நானும் நம்பினேன். பல வருடம் கழித்து, கார்மென்ட்ஸ் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கண் பரிசோதனை வைத்தார்கள். அங்கே இருந்த பெண் என் மூக்கில் ஒரு சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றிப் போட்டபோது எதிர்ச் சுவரில் எழுத்து முளைத்தது. நான் சட்டென்று மாமாவையும் அவர் டேப் சுற்றிய சக்கரத்தையும் நினைத்தேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பும்போது எனக்குக் கோபத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். அக்கா வெறும் கண்ணாலேயே நிமிர்ந்து பார்த்து, கரண்ட் கம்பியில் தகைவிலான் உட்கார்ந்திருக்கிறது, வாலில் பிளவு தெரிகிறது என்றாள். மாமா, ஆமாம் ஆமாம் என்றார். நானும் நிமிர்ந்தேன். கம்பிகூட இல்லை, வெறும் வானம். எல்லோருக்கும் அவ்வளவுதான் தெரியும், இவள் மட்டும் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி நல்ல பேர் வாங்குகிறாள் என்று நினைத்தபடி பின்னால் நடந்தேன்.