தயானி சுருக்கிய படம்

பதுளை பஜாரில் தயானியை விசாரித்தால் "கூட்டம் நடத்துற புள்ளையா?" என்பார்கள். மேடை போட்டு நடத்துகிற கூட்டமில்லை. நப்ரீஸ் நானாவின் கம்ப்யூட்டர் கடை மாடியில் இருந்துகொண்டு, அலுவலகங்களின் வீடியோ கூட்டங்களை ஓட்டுகிற வேலை. லிங்கை அழுத்தினால் பிரவுசரிலேயே முகம் தெரியும், குரல் கேட்கும். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, உயர்தரத்தில் கணிதம் படித்து, பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிப்போனவள். இருபத்தெட்டு வயதில் அந்த மாடியில் அவள் வைத்ததுதான் சட்டம்.

மலையில் சிக்னல் படுத்தும் பாட்டைச் சொல்லவே வேண்டாம். பத்துப் பேரின் படமும் தனித்தனியாகப் போனால் குரல் வெட்டி வெட்டி வரும், அதிகாரிகள் எரிந்து விழுவார்கள். ஆகவே தயானி ஒரு காரியம் செய்தாள். எல்லாம் வந்து சேருகிற நடுக் கம்ப்யூட்டரான சர்வரிலேயே படங்களை ஒன்றாக்கி, ஒவ்வொன்றையும் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, ஒரே படமாக அனுப்பவைத்தாள். மிச்சம் பிடித்த இடமெல்லாம் குரலுக்கு. அன்றிலிருந்து குரல் கணீரென்று வந்தது. நப்ரீஸ் நானா பிரியாணி வாங்கித் தந்தார். அவளுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது. ஏன் கனக்கக் கூடாது?

போன ஐப்பசி மழையில் அவளுடைய அப்பா முருகையா இருந்த லயத்தின் பின்சுவர் வெடித்தது. பாதை உடைந்திருந்ததால் அதிகாரிகளால் போக முடியவில்லை. ஒன்பது தோட்டங்களை, தயானி ஓட்டுகிற ஒரே கூட்டத்தில், வீடியோவில் பார்ப்பதாக முடிவாயிற்று. ஆபத்து என்று எழுதினால் அன்றைக்கே ஆட்களைப் பாடசாலைக்கு இறக்குவார்கள். எழுதாவிட்டால் அங்கே இடமும் இல்லை, சாப்பாடும் இல்லை. லயத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

அப்பாவைத் தயானிக்குத் தெரியும். ஆபீசரைக் கண்டால் இடுப்பு ஒடிந்திருந்தாலும் "சின்ன வலிதாங்க ஐயா" என்கிற ஆள். நாற்பது வருடம் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் நின்று வேலை கேட்ட நாக்கு வேறெப்படிப் பேசும்?

"அப்பா, நீங்க வாயத் தொறக்கவே வேணாம். பக்கத்து காம்பரா ரெங்கசாமி மாமாகிட்ட போனக் குடுத்துட்டு, வெடிப்புக்குள்ள கைய விட்டுக் காட்டுங்க. படமே சொல்லும்."

"சரிம்மா. நீ சொன்னா சரிதான்."

கூட்டத்தில் ஐந்தாவதாக அப்பா வந்தார். தயானி பார்த்தது தோட்டத்திலிருந்து சர்வருக்கு வந்த படம், சுருக்குவதற்கு முந்தியது. துலக்கமாக இருந்தது. வெடிப்புக்குள் நாலு விரலும் புகுந்தன. அவள் நிம்மதியாகி, அறுந்துபோன இன்னொரு தோட்டத்து இணைப்பைச் சரிபார்க்கப் போய்விட்டாள். அதிகாரிகளுக்குப் போன படத்தைத் திறந்து பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டாள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஆறு வருடத்தில் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. குரல் நன்றாக வந்தால் போதும் என்று இருந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் விடியற்காலை லயத்துக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்தது. ஐந்து காம்பரா வீடுகள், எட்டுப் பேர் மண்ணுக்குள். முருகையாவின் உடலை மறுநாள் எடுத்தார்கள். ரெங்கசாமி கிடைக்கவேயில்லை.

விசாரணைக்காரர்கள் கூட்டத்தின் பதிவைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுக்க வேண்டியவள் தயானி. அதிகாரிகள் கண்டது என்ன என்பதை அப்போதுதான் அவள் கண்டாள். மூலையில் ஒரு சாம்பல் நிறச் சதுரம். சுவரா வானமா தெரியவில்லை. வெடிப்பும் இல்லை, விரலும் இல்லை. குரல் மட்டும் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது.

"முருகையா, வெடிப்பு பெருசா? அவசரமா?" என்று ஓர் அதிகாரி கேட்கிறார். தகரத்தில் மழை விழுகிறது. பதில் இல்லை. "ஒன்னும் சொல்றாரில்லையே. அவசரமில்லைன்னு போடுங்க. அடுத்த தோட்டம்."

அதன்பின் ரெங்கசாமியின் குரல். "கேக்குறாங்க, சொல்லுங்கண்ணே."

"மக பேச வேணாம்னு சொல்லியிருக்கு," என்கிறார் முருகையா. "அதான் காட்டிக்கிட்டு இருக்கோமே."

தயானி அதை மூன்று தடவை கேட்டாள். நெஞ்சு வெடித்துப் போயிருந்தால் அவளுக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

"சத்தம் சுத்தமா ஈக்குதுதானே," என்றார் நப்ரீஸ் நானா, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல். "படம் சிக்னலால போச்சுன்னு செல்லுங்க, தங்கச்சி."

விசாரணையில் அவள் அப்படிச் சொல்லவில்லை. "சிக்னல் நல்லா இருந்துச்சுங்க. படத்தச் சுருக்குனது நான். அப்பாவப் பேச வேணாம்னு சொன்னதும் நான்தான்."

விசாரித்தவர் பேனாவை மூடிவைத்தார். "அது டெக்னிக்கல் விசயம், தங்கச்சி. நீங்க மனசு குழம்பியிருக்கீங்க." எழுதி வைத்திருந்த தாளை அவள் பக்கம் தள்ளினார். ஒலி தெளிவாக இருந்தது, குடியிருப்பாளர் முருகையா ஆபத்து எதையும் தெரிவிக்கவில்லை என்றிருந்தது.

"அவரு காட்டினாருங்க," என்றாள் தயானி.

"பதிவுல இல்லையே," என்றார் அவர்.