இரண்டு கை உப்பு

ரங்கூன் வெயிலில் கணப்பு மூட்டிச் சாப்பாடு போடுகிற ஓட்டல் அது ஒன்றுதான். முதலாளி யானெக் துரை, போலந்து மலைநாட்டுக்காரர். மலைவீடு மாதிரியே மரக்கட்டைச் சுவர் எழுப்பி, பரிமாறும் சொக்கனுக்கு ஆட்டுத்தோல் சட்டையும் மாட்டிவிட்டிருந்தார்.

சமையல்காரர் குழந்தைவேலு செய்த தப்பு ஒன்றே ஒன்று. துரை கேட்ட புளித்த கோசுச் சூப்புக்குக் கோசு புளிக்காத ஒருநாள், கடைத்தெருவில் பர்மாக்காரிகள் விற்கும் புளித்த கடுகுக்கீரையைப் போட்டுக் கொதிக்கவைத்தார். "எங்க அம்மா கை ருசி!" என்று துரை கண்கலங்கினார். பிடித்தது சனியன். மூன்று வருஷமாக லீவு கிடையாது. பழைய துரைமார் கொடுத்த நற்சாட்சிக் கடிதங்கள் யானெக் துரையின் இரும்புப்பெட்டியில் கிடந்தன. அவை இல்லாமல் வேறெந்தத் துரை வீட்டு அடுப்பங்கரையிலும் நுழைய முடியாது. வேலையை விட்டு நீக்கினால்தான் அவை கைக்கு வரும்.

"இன்னிக்கு அந்தாளே என்னைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுவான் பாரு," என்று சொக்கனிடம் சொல்லிவிட்டு, கொதிக்கிற சூப்பில் இரண்டு கை உப்பை அள்ளிக் கொட்டினார் குழந்தைவேலு.

துரை ஒரு வாய் குடித்தார். கரண்டியை மெல்ல வைத்தார்.

"அம்மாவும் கடைசிக் காலத்திலே இப்படித்தான். உப்புப் போட்டதை மறந்து மறுபடியும் போடும்," என்றார் அரைகுறைத் தமிழில். பிறகு பெட்டிச் சாவியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, குழந்தைவேலுவின் கையைப் பிடித்து முத்தமிட்டார்.