லாட் நம்பர் இல்லாத வெண்டை விதை

1. கேன்டீன் பின்னால் ஒரு காலி இடம்

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். வெளியிலிருந்து வரும் போல்ட், ஸ்பிரிங், ரப்பர் சீல் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் லைனுக்குப் போகும். பெட்டி மேல் லாட் நம்பர், அதாவது எந்தத் தொகுப்பில் செய்தது என்ற எண், இல்லையென்றால் திறந்துகூடப் பார்க்க மாட்டேன். ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிவிடுவேன். சப்ளையர்கள் எனக்கு 'சிவப்பு ஸ்டிக்கர் ஸ்டெல்லா' என்று பெயர் வைத்திருந்தது காதில் விழுந்தது. கோபமெல்லாம் வரவில்லை, கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்ட நான் வெண்டை விதையில் ஏமாந்தேன்.

ரிட்டையர் ஆவதற்கு முந்தின வருஷம், பொங்கல் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். காலை மீட்டிங்கில் பிளான்ட் ஹெட் சொன்னார்: "கேன்டீன் பின்னாடி இடம் சும்மா கிடக்குது. காய்கறித் தோட்டம் போடலாம். ஸ்டெல்லா மேடம், விதை நீங்க பாத்துக்குங்க. பொருள் வாங்கறதுல உங்களவிட கறாரான ஆள் யாரு இங்க?"

எச்.ஆர். மேனேஜர் அந்த இடத்தை பைக் பார்க்கிங்குக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரையும் விட்டுவிடாமல் பிளான்ட் ஹெட், "மூணு மாசம் பாப்போம். பச்சையா ஒண்ணும் தெரியலன்னா பார்க்கிங் போட்டுருங்க" என்றார்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவர் கன்னியம்மா. மண்ணூர்ப் பக்கம். சின்ன வயதில் வயல் வேலை, பிறகு எங்கள் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் டாய்லெட் கழுவும் வேலை. ஆசிட் நெடியில் வீசிங் வந்து, டாக்டர் அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கன்னியம்மாவே வந்து தோட்ட வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"இந்த ரெண்டு வாரமா இருமலே இல்ல மேடம். வூட்ல எல்லாரும் நிம்மதியா தூங்குறாங்கோ" என்றார், பாத்தி கட்டிக்கொண்டே.

தோட்டம் பார்க்கிங் ஆனால் அவர் மறுபடி ஆசிட் கேனைத் தூக்க வேண்டியதுதான்.

2. நாற்பது வகை காம்போ

விதையை கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடி போனில் ஆர்டர் போட்டேன். நாற்பது வகை, ஒரே பாக்கெட்டில். படத்தில் கத்தரிக்காய் ஒவ்வொன்றும் பூசணி சைஸில் இருந்தது. கேரட், காலிஃபிளவர், ஸ்ட்ராபெரிகூட உண்டு. எனக்கு ஒரே சந்தோஷம்.

கன்னியம்மா பிரித்துப் பார்த்தார். "இன்னா மேடம், இந்த ஊரு வெயில்லயா கேரட்டு?"

"போட்டுத்தான் பாப்போமே" என்றேன்.

ஒவ்வொன்றிலும் பாதி விதைத்தோம். மீதியை என் டிராயரில் வைத்தேன். எந்த லாட் வந்தாலும் கொஞ்சம் சாம்பிள் எடுத்து வைப்பது எங்கள் வேலையில் பழக்கம்.

மூன்று வாரம் போனது. பாத்தியில் கோரைப்புல்லும், யாரோ தூக்கிப்போட்ட டீ கப்பும்தான் இருந்தன. அசெம்பிளி லைன் பையன்கள் டீ பிரேக்கில் வந்து பார்த்துவிட்டு, "மேடம், மண்ணு நல்லா வெளஞ்சிருக்கு, எப்ப அறுவடை?" என்றார்கள். கேன்டீனே சிரித்தது.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து கன்னியம்மா பக்கெட்டோடு வந்தார். "தண்ணிய ஊத்தி ஊத்தி விதைய அழுக வெச்சிட்டீங்க கன்னியம்மா" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவர் நின்றார். "அளவாத்தான் ஊத்துனேன் மேடம்" என்றார். பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

3. உரக்கடை

அந்தச் சனிக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கோதண்டம் பாதி தோசையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன், தண்ணீர் அதிகமாகிவிட்டது என்பதையும் சேர்த்து.

"தண்ணி கெடக்கட்டும். கவர்ல லாட் நம்பர் இருந்துச்சா? டெஸ்ட் பண்ண தேதி? முளைப்புத் திறன் எவ்ளோன்னு போட்டிருந்துச்சா?"

நான் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காய் படம் இருந்தது, ஐந்து ஸ்டார் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. வாழ்நாள் முழுக்க லாட் நம்பர் கேட்டவள் நான். கடையில் ஃபேன் ஓடியும் எனக்கு வேர்த்தது.

பேச்சை மாற்ற, மேல் தட்டில் இருந்த கத்தரி விதையைக் கேட்டேன். அவர் எடுக்கவில்லை.

"அது வேணாம் மேடம். தேதி இன்னும் முடியல, ஆனா தகரக் கொட்டாய் குடோன்ல வெயில்ல கெடந்துது. முளைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். புதுசு அடுத்த வாரம் வருது. இப்போதிக்கு வெண்டை எடுத்துக்குங்க, கூட சிறுகீரை. இருபத்தஞ்சு நாள்ல கண்ணுக்குப் பச்சையா தெரியும்."

4. ஈரத்துணி

திங்கட்கிழமை டிராயரில் மீதி வைத்திருந்த காம்போ வெண்டை விதையில் இருபது எண்ணி, ஈரத்துணியில் சுருட்டி இன்ஸ்பெக்‌ஷன் மேஜை ஓரத்தில் வைத்தேன். கோதண்டம் கடை விதையிலும் இருபது. இரண்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே நிழல். தினமும் காலையில் மைக்ரோமீட்டரைத் தொடுவதற்கு முன் துணியைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஏழாம் நாள் பிரித்தேன். கடை விதையில் பதினெட்டு முளைத்திருந்தது. காம்போ விதையில் இரண்டு. அந்த இரண்டும் நோஞ்சான்.

இரண்டு துணியையும் ஒரு டிரேயில் வைத்து, டீ பிரேக்கில் கேன்டீனுக்கு எடுத்துப் போனேன். கன்னியம்மாவைக் கூப்பிட்டேன். அன்றைக்குச் சிரித்த பையன்கள் அதே டேபிளில் இருந்தார்கள்.

"தப்பு விதையில. வாங்குனது நான். அன்னிக்கு இவங்கள எல்லார் முன்னாடியும் பேசிட்டேன். அதான் எல்லார் முன்னாடியும் சொல்றேன். மன்னிச்சுக்குங்க கன்னியம்மா."

அவர் துணியை நகர்த்தி முளையை எண்ணிப் பார்த்தார். "அழுவி இருந்தா நாத்தம் வந்திருக்கும் மேடம். வரல. எனக்கு அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்கோ?"

அவரே பேச்சை முடித்தார்: "வுடுங்க. வெத குடுங்க, இன்னிக்கே போட்டுர்றேன்."

5. வந்தது, கற்றது

பிளான்ட் ஹெட் சொன்ன மூன்று மாசம் முடிவதற்குள் கேன்டீனில் சிறுகீரைக் கூட்டு போட்டார்கள். அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பார்க்கிங் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. வெண்டை சாம்பாருக்கு வந்த வாரம், கன்னியம்மாவின் ஐ.டி. கார்டில் ஹவுஸ்கீப்பிங் போய் கார்டன் என்று மாறியது. அதை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு நடந்தார். அன்று முதல் விதை வாங்கப் போவதும் அவர்தான்.

லைனில் போல்ட் உடைந்தால் முதலில் மெட்டீரியலைப் பார், பிறகு ஆபரேட்டரைக் கேள் என்று எத்தனையோ டிரெயினிகளுக்கு வகுப்பு எடுத்தவள் நான். என் கௌரவம் போகிறது என்றதும் முதலில் ஆளைத்தான் பிடித்தேன். இதை நீங்களும் ஒருநாள் செய்வீர்கள். செய்தால், திட்டிய இடத்திலேயே நின்று திருத்திக்கொள்ளுங்கள்.

விதை எங்கே வாங்குவது என்று இப்போதும் சிலர் போன் செய்து கேட்கிறார்கள். கவரில் தேதி பாருங்கள், இருபது விதை எண்ணி ஈரத்துணியில் வையுங்கள் என்பேன். அதற்கும் முன்னால் கடைக்காரரிடம், "இதுல எது வேணாம்?" என்று கேளுங்கள். ஒன்றையாவது கை காட்டுகிறவரிடம் வாங்குங்கள்.